கூகுளில் எடுத்த அதிரசப் படத்துக்கு 38,000 ரூபாய் கேட்டு மெயில், என்ன செய்வது?

நங்கநல்லூர் சமையலறை:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் மாமியாரும் வீட்டிலேயே பலகாரம் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறோம், அதிரசம், தட்டை, சீடை, முள்ளு முறுக்கு, அப்புறம் கல்யாண சீர் பட்சணம். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மைத்துனரின் நண்பர் ஒருவர் குறைந்த காசில் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தார், அதில் இருக்கும் 14 படங்களும் அவர் கூகுளில் தேடி எடுத்துப் போட்டவை என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரியும். ஏதோ ஒரு ஏஜென்சியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது, அதிரசப் படம் அவர்களுடைய போட்டோகிராபர் எடுத்ததாம், அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதற்கு 38,000 ரூபாய் பத்து நாளுக்குள் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் கோர்ட்டாம், கீழே ஜெயில் தண்டனை பற்றியும் ஒரு பத்தி. படித்த அன்று இரவு தூக்கமே இல்லை. எங்களுக்கு மாதம் மிச்சமாவது அதில் பாதிகூட இல்லை.

பயத்தில் அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து உடனே எடுத்துவிட்டேன். அந்தப் படத்தில் காப்புரிமைக் குறியோ வாட்டர்மார்க்கோ எதுவும் கிடையாது. பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா? மற்ற 13 படங்களுக்கும் கீழே ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுவிட்டால் போதுமா? கோகுலாஷ்டமி ஆர்டர் வருகிற நேரம், சைட்டை மூடிவிட்டால் அதுவும் போய்விடும்.

வேளச்சேரி கோடர்:

அக்கா, முதலில் பதற்றப்படாதீர்கள், ஆனால் மெயிலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும் வேண்டாம். அதில் ‘ஆதாரத்தைப் பார்க்க இங்கே அழுத்தவும்’ என்று லிங்க் இருந்தால் அழுத்தாதீர்கள். பதிப்புரிமை மீறல் என்று பயமுறுத்தி வைரஸ் அனுப்புகிற கும்பலும் இருக்கிறது. அந்த ஏஜென்சி நிஜமாகவே இருக்கிறதா என்று நீங்களாகவே தனியாகத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன் என்கிறீர்களே, அது வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்த உதவும் மென்பொருள்) சைட் என்றால் படம் இன்னும் சர்வரில், அதாவது சைட்டின் கோப்புகள் இருக்கிற கம்ப்யூட்டரில், உட்கார்ந்திருக்கும். பக்கத்தில்தான் தெரியாது, படத்தின் நேரடி முகவரியை அடித்தால் அப்படியே திறக்கும். அதுமட்டுமல்ல, ஒரே படத்தை வேர்ட்பிரஸ் நாலைந்து அளவுகளில் சேமித்து வைத்திருக்கும். மீடியா லைப்ரரிக்குள் போய் நிரந்தரமாக நீக்குங்கள், அப்போதுதான் எல்லா அளவும் போகும். நீக்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தேதியில் ஏற்றியது என்பதும் அதில் தெரிய வேண்டும். அந்தப் படத்தைப் பேஸ்புக் பக்கத்திலோ வாட்ஸப் கேட்டலாக்கிலோ போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

‘நன்றி: கூகுள்’ எந்த வகையிலும் உதவாது அக்கா. கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை, எங்கே இருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். உண்மையான போட்டோகிராபர் பெயரைப் போட்டால்கூட, அவர் அனுமதி தராத வரை அது அனுமதி ஆகாது. அந்த 13 படங்களையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இலவசப் படம் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கூகுள் இமேஜில் டூல்ஸ் என்பதை அழுத்தினால் யூஸேஜ் ரைட்ஸ் என்று ஒன்று வரும், அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் (எடுத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் அனுமதி) தேர்ந்தெடுத்துத் தேடலாம். ஆனால் அங்கே நின்றுவிடாமல் படம் இருக்கிற மூலப் பக்கத்துக்கே போய் லைசென்ஸைப் படியுங்கள். சிசி பை (CC BY) என்றால் பெயர் போட்டுப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும் சரி. என்சி (NC) என்ற எழுத்து சேர்ந்திருந்தால் வியாபாரத்துக்குக் கூடாது, நீங்கள் பலகாரம் விற்கிறீர்கள், அதனால் அந்தப் பக்கமே போகாதீர்கள். என்டி (ND) என்றால் மாற்றம் செய்த படத்தை வெளியிடக் கூடாது. எஸ்ஏ (SA) என்றால் மாற்றலாம், ஆனால் மாற்றியதையும் அதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் வியாபாரத்துக்கு அனுமதி உள்ள படங்களை மட்டும்தான் ஏற்றுக்கொள்கிறார்கள், அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்ல இடம். ஆனால் படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர், எங்கிருந்து எடுத்தது, எந்த லைசென்ஸ் மூன்றையும் லிங்க்கோடு போட வேண்டும், வெறுமனே ‘விக்கி’ என்று போடுவது போதாது.

இன்னொன்று, ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மாடவீதி கேமரா:

சகோதரி, நான் எதிர்ப்பக்கத்துக்காரன், மயிலாப்பூரில் இருக்கிற போட்டோகிராபர். உங்கள் மேல் கோபம் இல்லை, ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் அன்று வடக்கு மாடவீதியில் ஒரு மொட்டைமாடியில் மத்தியானம் ஒரு மணிக்கே ஏறி இடம் பிடித்து உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டில் தீர்ந்துபோச்சு, இறங்கினால் இடம் போய்விடும் என்று இறங்கவே இல்லை. சாயந்திரம் வெயில் சாய்ந்த நேரத்தில் நாயன்மார் பல்லக்குகள் வரிசையாகத் திரும்பும்போது கீழே ஒரு பாட்டி பேத்தியைத் தோளில் தூக்கிக் காட்டினார், அந்த ஒரு படம். அதை ஒரு டூர் நிறுவனத்தின் வெப்சைட்டில் முகப்பிலேயே பார்த்தேன், வலது ஓரத்தில் இருந்த என் பெயரை மட்டும் சரியாக வெட்டி எடுத்திருந்தார்கள். கேட்டதற்கு ‘நெட்டில் கிடைத்தது சார், உங்கள் படத்துக்கு விளம்பரம்தானே’ என்றார்கள். பெயரை வெட்டிவிட்ட பிறகு யாருக்கு விளம்பரம்? எனக்கு அன்றைக்குக் காசைவிட அந்தப் பேச்சுதான் வலித்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்த அதிரசப் படத்தை எடுத்தவரும் எங்கேயோ ஒரு ஆள்தான். ஏஜென்சியின் மிரட்டலை ஒதுக்கிவிட்டு, அவர் யார் என்று கண்டுபிடியுங்கள். கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ படத்தைப் போட்டுத் தேடினால் முதலில் எங்கே வெளியானது என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

மற்றபடி உங்களுக்கு ஸ்டாக் படமே, அதாவது மற்றவர் எடுத்து வைத்திருக்கும் பொதுப் படமே, தேவையில்லை என்பேன். இன்னொருவர் சுட்ட அதிரசத்தைக் காட்டி உங்கள் அதிரசத்தை விற்பது வாங்குகிறவருக்கும் நியாயம் இல்லை. போனிலேயே எடுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் நேரே விழாத ஜன்னல் பக்கம் ஒரு பலகை போட்டு, டியூப்லைட், பல்ப் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் அதிரசம் மஞ்சள் பூத்துத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்தி வையுங்கள், நிழல் பக்கம் கறுப்பாகாமல் இருக்கும். அதிரசத்தை எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் படம் பிடிக்காதீர்கள், எண்ணெய் பளபளப்பு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். அழுத்தி எண்ணெய் வடிந்து பத்து நிமிடம் ஆன பிறகு, ஒன்றைப் பிட்டு உள்பக்கம் தெரிகிற மாதிரி வையுங்கள், வாங்குகிறவர் கண் அந்தப் பிட்ட இடத்துக்குத்தான் போகும். தட்டைக்கு மேலிருந்து எடுங்கள், சீடைக்குப் பக்கவாட்டில்.

பிளாட்பார்ம் டிக்கெட்:

இடையில் ஒரு கேள்வி. சென்னையைச் சுற்றிக் காட்டுகிற சின்ன வெப்சைட் ஒன்று வைத்திருக்கிறேன். மெரினா உழைப்பாளர் சிலை, கண்ணகி நகர் சுவர் ஓவியங்கள் இரண்டையும் நானே எடுத்த போட்டோவாகப் போட்டால் பிரச்சினை இல்லையே? அப்புறம் பூஜை சாமான் கடை சைட் ஒன்றுக்குச் சாமி படம் கேட்கிறார்கள்.

பாரிமுனை ஜூனியர்:

ஹைகோர்ட்டில் ஒரு சீனியரிடம் வேலை செய்கிறேன். இங்கே சொல்வது பொதுவான சட்டம்தான், மேடம் அந்த மெயிலை ஒரு வக்கீலிடம் நேரில் காட்டிய பிறகே பதில் எழுத வேண்டும்.

முதலில் ஒரு வார்த்தைத் திருத்தம், இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கானது, பேட்டன்ட். படம், எழுத்து, பாட்டு இதற்கெல்லாம் பதிப்புரிமை. நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது இதைக் குழப்பினால் எதிர்த்தரப்புக்குச் சிரிப்பாக இருக்கும்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். படம் எடுத்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்ய வேண்டியதில்லை, குறியோ வாட்டர்மார்க்கோ போட வேண்டியதும் இல்லை, அதனால் ‘ஒன்றும் போட்டிருக்கவில்லையே’ என்ற வாதம் நிற்காது. எடுத்தவர் ஆயுள் முழுவதும், இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். போட்டோக்களுக்கு முன்பு வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு என்று தனிக் கணக்கு இருந்தது, 2012 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருப்பதால் வெளிநாட்டுப் படத்துக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. படத்தைக் கொஞ்சம் வெட்டி நிறத்தை மாற்றினால் புதுப் படம் ஆகிவிடும், பத்து சதவீதம் மாற்றினால் போதும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. 52ஆம் பிரிவில் விலக்குகள் இருக்கின்றன, சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி என்று. பலகாரம் விற்பது அதில் எதிலும் வராது.

இப்போது மேடத்துக்கு. ஜெயில் பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 63ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருப்பது உண்மை, ஆனால் அது தெரிந்தே மீறியவர்களுக்கு. சிவில் பக்கத்தில் 55ஆம் பிரிவு இருக்கிறது. பதிப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபித்தால் தடையாணையும் அந்தப் படத்தால் வந்த லாபத்தில் கோர்ட் நியாயம் என்று கருதுகிற பங்கும்தான், தனியாக நஷ்டஈடு கிடையாது. ‘டிசைனர் போட்டார், எனக்குத் தெரியாது’ என்பது அந்த அளவுக்கு நிற்குமா என்பது சந்தேகம்தான், சைட் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆனாலும் பேரம் பேச அது உதவும். டிசைனர் படத்தை எங்கிருந்து எடுத்தார் என்பதை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஏஜென்சியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். படம் யாருடையது என்பதற்கு ஆதாரம், அவர் சார்பில் பணம் கேட்க இவர்களுக்கு எழுத்தில் என்ன அதிகாரம். அதோடு, இந்த அளவில் ஒரு படத்துக்கு அவர்கள் வழக்கமாக வாங்குகிற லைசென்ஸ் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள், 38,000 என்பது அதைவிடப் பல மடங்காக இருக்க வாய்ப்பு உண்டு. ‘தப்புதான், மன்னியுங்கள்’ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். அதே சமயம் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது, பதிப்புரிமை வழக்கை உரிமைக்காரர் தன் ஊரிலேயே போட 62ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, அவர் டெல்லியில் இருந்தால் நீங்கள் அங்கே அலைய வேண்டி வரலாம்.

மாடவீதி அண்ணன் சொன்ன, பெயரை வெட்டுகிற விஷயம் தனிக் குற்றம். அனுமதி இல்லாமல் தெரிந்தே அப்படிச் செய்தால் 65பி பிரிவில் இரண்டு வருடம் வரை தண்டனை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு, மேடம் காசு கொடுத்து ஒரு போட்டோகிராபரை வரவழைத்துப் பலகாரங்களைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 17ஆம் பிரிவுப்படி உரிமை மேடத்துடையதுதான். பலருக்கு இது தெரியாது, போட்டோகிராபர்களுக்கே தெரியாது. அதனால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பிளாட்பார்ம் டிக்கெட் சார், உழைப்பாளர் சிலை 1959இல் வைத்தது, செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவர் 1975இல் காலமானார், அதனால் சிலையின் பதிப்புரிமை இன்னும் முடியவில்லை. ஆனாலும் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கிற சிற்பத்தைப் படம் எடுத்து வெளியிடலாம் என்று 52ஆம் பிரிவே சொல்கிறது, கட்டடங்களுக்கும் அப்படித்தான். ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை, கண்ணகி நகர் சுவர்ப் படங்களை வியாபார சைட்டில் போடும்முன் வரைந்தவரைக் கேட்பது நல்லது. சாமி படத்துக்கு ரவி வர்மா ஓவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் 1906இல் இறந்தார், உரிமை என்றைக்கோ முடிந்துவிட்டது. கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் காலண்டர் சாமிகள் வேறு கதை, அவர் காலமானது 1976இல், 2036 முடியும் வரை உரிமை இருக்கிறது.

நங்கநல்லூர் சமையலறை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 13 படங்களையும் சர்வரிலிருந்தே எடுத்துவிட்டோம், வாட்ஸப் கேட்டலாக்கிலும் இரண்டு இருந்தன, அதையும் நீக்கியாச்சு. பழவந்தாங்கலில் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் மெயிலைக் காட்டினோம், அவர் நாலு வரியில் ஆதாரம் கேட்டு எழுதினார். ஆறு நாள் கழித்து மூலப் படமும் அதிகாரக் கடிதமும் அனுப்பினார்கள், நிஜமாகவே அவர்களுடையதுதான். வீட்டுத் தொழில், படம் ஒன்று, உடனே எடுத்துவிட்டோம் என்று எழுதிக் கேட்டதில் 9,000க்கு இறங்கி வந்தார்கள். வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று வக்கீலம்மா அவர்களிடம் கையெழுத்தோடு எழுதி வாங்கிய பிறகுதான் பணம் அனுப்பினோம். வலிக்கிற தொகைதான். ஆனால் கடிதத்தில் அந்தப் போட்டோகிராபரின் பெயரைப் பார்த்ததும், இது யாரோ ஒருத்தர் அடுப்பு முன்னால் நின்று எடுத்த படம் என்று தோன்றியது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை மாமியார் சீடை உருட்டுவதை ஜன்னல் பக்கம் வைத்து எடுத்தேன், அவர் கை மட்டும் தெரிகிற மாதிரி. அதைத்தான் முகப்பில் போடப் போகிறேன். சீடைப் படம் மட்டும் ஒரு பக்கம் இருட்டாகவே வருகிறது.

மாடவீதி கேமரா:

சார்ட் பேப்பரை இன்னும் ஒரு சாண் கிட்டே கொண்டுவாருங்கள் சகோதரி, சீடை வைத்த தட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். கை தெரிகிற படத்துக்கு மாமியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.