பழைய போன்: கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டிலேயே இருப்பதா, கஸ்டம் ரோமுக்குப் போவதா?

மின்மினி கேட்டது:

என்னுடையது நான்கு வருடப் பழைய போன். ஸ்னாப்டிராகன் 600 வரிசை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். ஆண்ட்ராய்டு 12 வரை கொடுத்துவிட்டுக் கம்பெனி கைகழுவிவிட்டது. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் தேதி 2023 மார்ச்சோடு நிற்கிறது.

கீபோர்டு எழும்பவே ஒரு நொடி ஆகிறது. யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கிறது, ஆனால் பச்சை பட்டன் திரைக்கு வருவதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுகிறார்கள். இதற்கு நடுவே தீம் கடை, விளையாட்டுக் கடை, கம்பெனி பிரவுசர் என்று நான் ஒரு நாளும் திறக்காத ஆப்கள் நோட்டிஃபிகேஷனாக அனுப்பித் தள்ளுகின்றன. அவற்றுக்கு அன்இன்ஸ்டால் பட்டனே கிடையாது.

என் மாடலுக்கு லினேஜ் ஓஎஸ் (கம்பெனி ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டுப் போடும் கஸ்டம் ரோம்களில் ஒன்று, தன்னார்வலர்கள் செய்வது) அதிகாரபூர்வமாகவே இருக்கிறது. ஒரு டெலிகிராம் குழுவில் வேறொரு ரோமும் சுற்றுகிறது. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது, யார் செய்தது என்றுதான் தெரியவில்லை.

நான் போனில் செய்வது இவ்வளவுதான்: வங்கி ஆப், அலுவலக மெயில், இரவில் படம் பார்ப்பது, குழந்தையைப் போட்டோ எடுப்பது. கேம் விளையாடுவதில்லை. கையில் வேறு போனும் இல்லை. போடலாமா?

இரவுக்கிளி:

யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். நானும் இப்படித்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். லினேஜ் போட்டதும் போன் பறக்கிறது. விளம்பரம் இல்லை, குப்பை ஆப் இல்லை, ரேமும் கணிசமாக மிச்சமாகிறது. வங்கி ஆப் முரண்டு பிடித்தால் ரூட் செய்து, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, மாஜிஸ்க் என்ற ரூட் கருவியில் ஒரு மாட்யூல் (துணை நிரல்) சேர்த்தால் போதும், போன் மாற்றப்பட்டதை மறைத்துவிடலாம்.

முன்னாள் மெயின்டெய்னர்:

இரவுக்கிளி சொல்லும் வேகம் உண்மைதான். ஆனால் அந்த மாட்யூல் விஷயத்தை அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்க வேண்டாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மின்மினி, முதலில் ஒரு கேள்வி. ஸ்டோரேஜில் எவ்வளவு காலியிடம் இருக்கிறது? 64 ஜிபி நிரம்பி வழியும் போனில் எந்த ரோமும் திணறத்தான் செய்யும். ஃபிளாஷ் மெமரி ஏற்கெனவே இருப்பதை அழித்துத்தான் புதிதாக எழுத முடியும், அதற்குக் காலி பிளாக்குகள் வேண்டும். அவை கிடைக்காதபோது ஒவ்வொரு சின்ன வேலையும் வரிசையில் நிற்கிறது. கீபோர்டு தாமதம், அழைப்புத் திரை தாமதம் இரண்டுமே எனக்கு அந்த வாசனை அடிக்கின்றன. கஸ்டம் ரோம் போட்டதும் போன் பறப்பதாகச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு வேலை செய்தது ரோம் அல்ல, அதைப் போடுவதற்காக எல்லாவற்றையும் அழித்தார்களே, அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதே அழிப்பைக் கம்பெனி ரோமில் ஃபேக்டரி ரீசெட் என்ற பெயரில் செய்யலாம். அதோடு, 20 சதவீதத்தில் போன் திடீரென்று அணைகிறது என்றால் அது பேட்டரி. அதற்கு ரோம் மருந்தில்லை.

இப்போது பாதுகாப்பு. பேட்ச் தேதி பழையது என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கஸ்டம் ரோம் போட்டால் எல்லாமே புதிதாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு என்பது மேல் பாதி. மோடம், கிராபிக்ஸ் டிரைவர், பூட்லோடர் (ஆன் செய்ததும் ஆண்ட்ராய்டை எழுப்பும் நிரல்), கைரேகையும் என்கிரிப்ஷன் சாவியும் இருக்கும் பாதுகாப்புப் பகுதி எல்லாம் கீழ்ப் பாதி. 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த டிரெபிள் திட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே தெளிவாகக் கோடு கிழித்தது. கஸ்டம் ரோம்கள் இவ்வளவு எளிதாகப் புது ஆண்ட்ராய்டுக்குத் தாவுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கீழ்ப் பாதியின் பெரும்பகுதி மூடிய மென்பொருள். சிப் கம்பெனியும் போன் கம்பெனியும் கொடுத்தால்தான் உண்டு. அவர்கள் நிறுத்திய இடத்தில் அது நிற்கும். மாடிக்கு மட்டும் புதுத் தரை போட்ட பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லினேஜ் இதை மறைப்பதில்லை. செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தட்டினால் இரண்டு பேட்ச் தேதிகள் காட்டும்: ஒன்று ஆண்ட்ராய்டுடையது, இன்னொன்று வெண்டருடையது, அதாவது கீழ்ப் பாதியுடையது. உங்கள் போனில் முதல் தேதி போன மாதமாக இருக்கும், இரண்டாவது 2023-ஐத் தாண்டாது. டெலிகிராம் ஸ்கிரீன்ஷாட்களில் முதல் தேதியைத்தான் காட்டுவார்கள்.

அதற்காக மேல் பாதி முக்கியமில்லை என்றும் சொல்லமாட்டேன். 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, போனைக் கைப்பற்ற ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும் என்ற நிலை. அது இருந்தது மேல் பாதியில்தான். அதன் பிறகுதான், அதே வருடம் ஆகஸ்டிலிருந்து, கூகுள் மாதாமாதம் பேட்ச் அறிக்கை வெளியிடத் தொடங்கியது. இன்னொரு பக்கம், கம்பெனி கைவிட்ட போனும் முழுசாக உறைந்துவிடுவதில்லை. பிரவுசரும், ஆப்களுக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூவும் பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 10-இலிருந்து, வீடியோ ஆடியோவை விரிக்கும் மீடியா கோடெக் போன்ற சில சிஸ்டம் பகுதிகளும் அந்த வழியாகவே வருகின்றன. ஆக, வித்தியாசம் உண்டு. பயமுறுத்துகிறவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

இனி வங்கி ஆப். வேறு ரோம் போட முதலில் பூட்லோடரை அன்லாக் செய்ய வேண்டும். செய்தால் டேட்டா முழுவதும் அழியும், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கைத் திரை வரும். இவை சின்ன விஷயம். போன் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைச் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியே கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிடும் என்பதுதான் பெரிய விஷயம். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை அதைப் படித்து ஆப்புக்குத் தெரிவிக்கிறது. முன்பு, சேஃப்டிநெட் என்ற பழைய சோதனை இருந்த காலத்தில் ஏமாற்றுவது எளிது. இப்போது அந்த மாட்யூல்களில் பல, எங்கிருந்தோ கசிந்த வேறு போன்களின் கையெழுத்துச் சாவிகளை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. கூகுள் அந்தச் சாவியை ரத்து செய்த அன்று உங்கள் வங்கி ஆப் நின்றுவிடும், அடுத்த சாவி கசியும்வரை காத்திருக்க வேண்டும். அதைவிட, வங்கிக் கணக்கு இருக்கும் போனில் யாரோ தந்த மாட்யூலுக்கு ரூட் அதிகாரம் கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒற்றைப் போன் வைத்திருப்பவருக்கு இந்த யோசனையைச் சொல்லவே கூடாது.

ரோமைப் போட்டுவிட்டு பூட்லோடரைத் திரும்பப் பூட்டலாமே என்று கேட்பீர்கள். பிக்சல் போன்களில் கிராஃபீன் ஓஎஸ் அப்படித்தான் செய்கிறது. தன் சாவியைப் பதித்துப் பூட்டுகிறது, ஆன் செய்தால் மஞ்சள் எச்சரிக்கை வரும். மற்றப் பெரும்பாலான போன்களில் கஸ்டம் ரோமோடு பூட்டினால் போன் எழுந்திருக்காது. சாம்சங் போனாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: கம்பெனியுடையது அல்லாததை ஏற்றினால் நாக்ஸ் என்ற சாம்சங் பாதுகாப்பின் ஃபியூஸ் எரியும். அது நிஜமாகவே சிப்பில் எரிகிற ஃபியூஸ். பிறகு ஒரிஜினல் ரோமைத் திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் (ரகசியக் கோப்புகளுக்கான பூட்டிய இடம்) திரும்பாது.

கடைசியாக, யாருமே கேட்காத கேள்வி: உங்கள் மாடலுக்கு மெயின்டெய்னர், அதாவது ரோமைச் செய்து பராமரிப்பவர், யார்? கொஞ்ச காலம் நான் ஒரு மாடலுக்கு அந்த வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது. கம்பெனி கெர்னலின் (ஆண்ட்ராய்டின் அடிக்கரு) சோர்ஸைத் தாமதமாக வெளியிட்டது, அதிலும் பாதி டிரைவர்கள் இல்லை. ஒரு பக் நன்றாக நினைவிருக்கிறது: பேசும்போது திரை அணையவில்லை, கன்னம் பட்டு மியூட் ஆகிக்கொண்டே இருந்தது. எதிர்முனைக்குச் சத்தம் போகவில்லை என்று ஆளாளுக்கு மைக்கைக் குறை சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் காதருகே இருக்கும் சென்சாருக்கான அளவுத்திருத்தக் கோப்பு பெர்சிஸ்ட் பார்ட்டிஷனில் (ஸ்டோரேஜில் தனியாக ஒதுக்கிய பகுதி) இருக்கிறது, நம் ரோமுக்கு அதைப் படிக்க அனுமதி இல்லை. எது எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் செலினக்ஸில் ஒரு வரி விதி. அந்த ஒரு வரிக்குப் பல இரவுகள் போயின. லாக் (போனின் பிழைப் பதிவு) அனுப்பச் சொன்னால் பதிலுக்கு "அடுத்த அப்டேட் எப்போ?" என்று வரும்.

என் போனின் திரை உடைந்தது, வேறு மாடலுக்கு மாறினேன், அந்தப் பழைய மாடலின் பில்டுகள் (ரோமின் புதுப் பதிப்புகள்) அதோடு நின்றன. நான் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. இந்த உலகமே அப்படித்தான் ஓடுகிறது. எல்லோரும் பயன்படுத்திய சயனோஜன்மோட் ரோம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது, அதன் சோர்ஸை எடுத்துத்தான் லினேஜ் பிறந்தது. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காதீர்கள். உங்கள் மாடலின் பக்கத்தில் கடைசி பில்ட் என்றைக்கு வந்தது என்று பாருங்கள்.

தொட்டாச்சிணுங்கி:

மேலே சொன்னதில் அழைப்பு விட்டுப்போயிற்று. என் போனில் ரோம் மாற்றியதும் நெட் ஜோராக வந்தது, கால் மட்டும் போகவே இல்லை. 4ஜி வழியாகப் பேசவைக்கும் வோல்ட்டிஇ-க்கு வேண்டிய ஐஎம்எஸ் என்ற பகுதி கம்பெனியின் சொந்தச் சரக்கு, ரோம் செய்தவர் அதைச் சரியாக ஒட்டவில்லை. 2ஜி, 3ஜி இன்னும் இருக்கும் நெட்வொர்க்கில் போன் தானாக அதற்கு இறங்கிப் பேசவைக்கும். அவற்றை மூடிவிட்ட நெட்வொர்க் என்றால் பேச்சே கிடையாது.

படம் பார்ப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: அன்லாக் செய்தால் சில போன்களில் வைட்வைன் என்ற படக் காப்புப் பூட்டின் தரம் எல்1 போய் எல்3 ஆகிவிடும். அப்புறம் கட்டண ஓடிடி ஆப்களில் ஹெச்டி வராது, 480பி மங்கல்தான். கேமராவும் அப்படியே. சென்சார் அதேதான், ஆனால் இரவுப் படத்தைத் தூக்கி நிறுத்துவது கம்பெனி ஆப்பில் இருக்கும் கணக்கு. கூகுள் கேமராவின் மாற்றுப் பதிப்பான ஜிகேம் போட்டுச் சமாளிக்கலாம், எல்லா லென்ஸும் வேலை செய்யும் என்று உத்தரவாதம் இல்லை. ஓடி விளையாடும் குழந்தையை எடுக்கிறீர்கள், ஷட்டர் தாமதம் கடுப்பேற்றும்.

மின்மினி:

பார்த்தேன். 2 ஜிபி கூடக் காலி இல்லை! வாட்ஸ்அப் மட்டும் 19 ஜிபி, எல்லாம் ஃபார்வர்டு வீடியோ. லினேஜ் பக்கத்தில் கடைசி பில்ட் போன வாரம் வந்திருக்கிறது, அது நல்ல செய்தி. அழைப்புப் பிரச்சினை பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ரீசெட் செய்தாலும் அந்தக் குப்பை ஆப்கள் திரும்ப வந்து உட்காருமே, அதற்கு என்ன வழி? டெலிகிராம் ரோமைச் சுத்தமாக மறந்துவிடவா?

முன்னாள் மெயின்டெய்னர்:

மறந்துவிடுங்கள். அதை எந்தச் சாவியால் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று குழுவில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. அதிகாரபூர்வ லினேஜ் தன் சொந்தச் சாவியை வைத்திருக்கிறது. அவசரமாகச் செய்த பில்டுகள் பல, ஆண்ட்ராய்டு சோர்ஸோடு வரும் டெஸ்ட் சாவியோடு வெளியாகின்றன. அந்தச் சாவி ஊருக்கே தெரிந்தது. அதே சாவியால் கையெழுத்திட்ட ஆப் எதுவும் சிஸ்டத்தின் ஆளாக உள்ளே நுழையலாம். செலினக்ஸை பெர்மிசிவ் என்று தளர்த்திவிட்டு வெளியிடுபவர்களும் இருக்கிறார்கள், பக் தெரியாமல் இருக்க அது சுலபமான வழி.

குப்பை ஆப்களுக்கு ரூட் தேவையில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டிபக்கிங்கைப் போட்டு, கம்ப்யூட்டரில் ஏடிபி என்ற கட்டளைக் கருவி வழியாக உங்கள் யூசருக்கு மட்டும் அந்த ஆப்களை நீக்கலாம். ஆப் சிஸ்டம் பார்ட்டிஷனில் இருக்கும், ஆனால் ஓடாது, தொல்லை கொடுக்காது. இடம் பெரிதாக மிச்சமாகாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். பூட்லோடர் பூட்டியே இருப்பதால் பிளே இன்டெக்ரிட்டிக்கு இதனால் பிரச்சினை இல்லை. தீம் கடை, விளையாட்டுக் கடை, பிரவுசர் என்று பெயர் தெரிந்ததை மட்டும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். நீளமான பட்டியல் கொடுத்து ஒரே மூச்சில் எல்லாம் போகும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட் எதையும் ஓட்டாதீர்கள். அழைப்பு, சிம், லாஞ்சர் (முகப்புத் திரை) சம்பந்தப்பட்ட ஏதாவது அதில் மாட்டிக்கொண்டால் போன் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும், மறுபடியும் ரீசெட்தான்.

ரீசெட்டுக்கு முன் வாட்ஸ்அப் பேக்கப், போட்டோக்கள், ஓடிபி ஆதென்டிகேட்டர் கணக்குகள் மூன்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிறகு, பழைய பேக்கப்பிலிருந்து எல்லா ஆப்களையும் மொத்தமாக இறக்காமல் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

இப்படிக் கம்பெனி ரோமிலேயே இதை ஒரு வருடம் ஓட்டலாம். அடுத்த போனை எடுக்கும்போது அப்டேட் எத்தனை வருடம் என்று முதலில் பாருங்கள். 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுளும் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருடம் என்று அறிவித்தன. எல்லாக் கம்பெனியும் எல்லா மாடலுக்கும் அப்படிக் கொடுப்பதில்லை.

வங்கி ஆப் புதுப் போனுக்குப் போன பிறகு இந்தப் போனைத் தாராளமாக அன்லாக் செய்து லினேஜ் போடுங்கள். அப்போது மாடலின் குறியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், ஒரே பெயரில் வேறு சிப்போடு இரண்டு போன்கள் விற்பதுண்டு. போட்ட அன்றைக்கே முதல் வேலையாக யாரையாவது கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள், திரை அணைகிறதா என்றும்.