லிமிட்டர் போட்டதும் தவில் அடங்கிப்போகிறது

கேள்வி: நாதஸ்வரம், தவில் மிக்ஸ் ஒன்றை மாஸ்டர் (வெளியிடும் முன் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்கிறேன். லிமிட்டரில் (ஒலியின் உச்சி வரம்பைத் தாண்டாமல் அமுக்கும் கருவி) 7 டிபி (டெசிபல்) அமுக்கினால் சத்தம் கூடுகிறது, ஆனால் தவிலின் தொப்பி (கனமான ஒலி தரும் பக்கம்) அடி சப்பென்று ஆகிவிடுகிறது. காசு கொடுத்து வேறு பிளகின் (ஒலி மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) வாங்கணுமா?

பதில் 1: வேண்டாம், இலவச லிமிட்டரான லவுட்மேக்ஸே போதும். ஒரே லிமிட்டருக்கு 7 டிபி அதிகம். தவில் டிராக்கில் மட்டும் கிளிப்பர் வைத்து உச்சியை 2, 3 டிபி சீவுங்கள். அப்புறம் மாஸ்டரில் லிமிட்டர் லேசாகத் தொட்டால் போதும். சத்தம் மிஞ்சினாலும் ஸ்பாட்டிஃபை -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) இறக்கிவிடும்.

பதில் 2: லிமிட்டரில் சீலிங் (உச்ச வரம்பு) -1 டிபி, ட்ரூ பீக் (ஒலி மாதிரிகளுக்கு இடையே எழும் உச்சியையும் பிடிப்பது) ஆன். ஒருமுறை 0-வில் விட்டேன். எம்பி3 ஆக்கியதும் ஜால்ரா கரகரத்தது. லிமிட்டருக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிக் கேளுங்கள், காது ஏமாற்றும்.

கேட்டவர்: கிளிப்பர் வைத்தேன், தொப்பி திரும்பி வந்துவிட்டது! நாதஸ்வரம்தான் கொஞ்சம் பின்னால் நிற்கிறது. சரி, நாளைக்குப் பார்க்கிறேன்.