ஜெபமாலையின் முன்பாதி சொல்ல ஆளில்லை, எனக்கு மனமும் இல்லை: தொடரலாமா?

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரவு ஏழரை மணிக்கு ஜெபமாலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம். ஒவ்வொரு மந்திரத்திலும் என் வீட்டுக்காரர் முன்பாதி சொல்வார், நானும் மகளும் பின்பாதி சொல்வோம். கடலுக்குப் போகும் நாளில் மட்டும் அவர் அம்மா முன்பாதி சொல்வார். அத்தை இறந்து மூன்று வருடமாகிறது.

போன ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கும்போது எங்கள் நாட்டுப்படகு வடகடல் பக்கம் நின்றது. வாடையில் அங்கே நிற்க முடியாது, தென்கடலில் குந்துகால் பக்கம் கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்று அவர் சனிக்கிழமையே சொன்னார். மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு வந்து திங்கட்கிழமை காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். ஞாயிறு இரவு காற்றில் நங்கூரக் கயிறு அறுந்து, படகு பாறையில் மோதி அடிப்பலகை பிளந்துவிட்டது. வலையும் போய்விட்டது. என் நகையை அடகு வைத்தும் மகளிர் குழுவில் கடன் வாங்கியும் வாங்கிய படகு. இப்போது அவர் கொல்லம் பக்கம் அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போகிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

ஜெபமாலையை நான் விடவில்லை. ஆனால் இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன், வாய் மட்டும்தான் சொல்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் 'உமது திருவுளம்' என்று வரும் இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. ஆண்டவருடைய பூசைக்குப் போனதால்தானே படகு போனது? அதுவும் அவர் திருவுளமா? நாங்கள் என்ன பாவம் செய்தோம்? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'எல்லாம் நன்மைக்கே, விசுவாசமாக இரு' என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. இந்தக் கோபத்தோடு ஜெபிப்பது பாவமா? மனம் ஒட்டாத ஜெபத்தை நிறுத்திவிட்டு, மனம் வந்தபிறகு தொடங்கலாமா? இப்படி இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பாம்பன் பெரியவர்:

மகளே, சர்வேசுரனுக்குத் தோத்திரம். நான் தனுஷ்கோடியில் பிறந்தவன். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தபோது எனக்கு எட்டு வயது. பாம்பனில் சித்தி வீட்டில் இருந்ததால் நான் பிழைத்தேன். அந்த இரவில் என் பாட்டிக்கு இரண்டு மகன்கள் போனார்கள். பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலே ஆட்களோடு கடலில் போன இரவு அது.

அதன்பிறகு பாட்டி எங்களோடு பாம்பனில் இருந்தாள். தினமும் சாயங்காலம் கோயிலுக்கு வருவாள், கடைசி வரிசையில் தரையில் உட்காருவாள். ஜெபமாலையைக் கையில் சுருட்டி மூடி வைத்திருப்பாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பாட்டுக்கும் வாய் திறக்க மாட்டாள். நற்கருணை வாங்கவும் எழுந்து போக மாட்டாள். ஒரு பெண் அவளைக் குறை சொன்னபோது, அவள் உட்கார்ந்திருக்கட்டும், அவளுக்கும் சேர்த்து நாம் சொல்வோம் என்று பங்குச் சாமியார் சொன்னாராம். அம்மா அடிக்கடி சொல்லும் கதை இது.

அந்தப் புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். பாட்டிக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. ஒருநாள் சாயங்காலம், ஜெபமாலையில் மூன்றாவது பத்துமணி, அதாவது மூன்றாவது பத்து மணிகளின் ஜெபம், நடக்கும்போது, பின்வரிசையிலிருந்து பாட்டியின் குரல் வந்தது. நான் அவள் மடியில் இருந்தேன். ஏன் அன்றைக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் டிசம்பர் வந்தால் சில நாள் மௌனமாகிவிடுவாள்.

உன்னை அவசரப்படுத்துகிறவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

விசுவாச வீரன், மண்டபம்:

ஸ்தோத்திரம் சகோதரி. சந்தேகத்தோடு கேட்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று யாக்கோபு நிருபம் சொல்கிறது. 40 நாள் உபவாசம் இருந்து, புதுப்படகு கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து அறிக்கையிடுங்கள். கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார்.

மறைக்கல்வி ஆசிரியை, இராமநாதபுரம்:

மண்டபம் சகோதரரே, நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் யாக்கோபு அந்த இடத்தில் கேட்கச் சொல்வது ஞானத்தை. படகு வரவில்லையென்றால் அது உங்கள் விசுவாசக் குறைவு என்று ஆகிவிடும். ஏற்கெனவே சுமையோடு இருக்கிறவர் தலையில் இன்னொன்றை ஏற்ற வேண்டாம்.

அக்கா, முதலில் பாவம் பற்றி. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை இயேசுவே பேசுகிறார், லூக்கா 13-ஆம் அதிகாரம். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார். வாடைக்காற்று அதன் பருவத்தில் அடித்தது. பூசைக்குப் போகாதவர்கள் படகும் அந்தக் காற்றில்தான் நின்றிருக்கும். ஆண்டவர் விரும்பிச் செய்வதும் நடக்க விடுவதும் ஒன்றல்ல என்றுதான் திருச்சபை நமக்குச் சொல்லித் தருகிறது. ஏன் நடக்க விட்டார் என்று உங்களுக்கு விளக்கம் சொல்ல நான் துணிய மாட்டேன்.

'திருவுளம்' என்ற இடத்தில் நாக்கு எழவில்லை என்றீர்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு அந்த வார்த்தைக்கு வருமுன், இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று கேட்டார். ஒருமுறை அல்ல, மூன்று முறை போய் ஜெபித்தார். மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26-இல் எழுதியிருக்கிறது. மகன் தந்தையிடம் பேசும்போதே புது வார்த்தை கிடைக்காத இரவு ஒன்று இருந்திருக்கிறது. அதனால் வாய் மட்டும் சொல்கிறது என்று வெட்கப்படாதீர்கள்.

அப்புறம் கோபம். நீங்கள் படகுக்காரர் வீடு, உங்களுக்கு இது நன்றாகப் புரியும். மாற்கு 4-இல் புயலில் படகு தண்ணீர் ஏறி நிற்கிறது, இயேசு பின்புறம் தலையணை வைத்துத் தூங்குகிறார். நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் எழுப்புகிறார்கள். அது மரியாதையான ஜெபம் இல்லை, சண்டை. மாற்கு சொல்கிறபடி, அவர் முதலில் எழுந்து காற்றை அடக்குகிறார், அதற்குப் பிறகுதான் இன்னும் உங்களுக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்கிறார். மத்தேயுவில் மட்டும் வரிசை மாறி, கேள்வி முன்னால் வருகிறது. எப்படியானாலும், என்னை ஏன் இப்படி எழுப்பினீர்கள் என்று அவர் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. 13-ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். ஆறே வசனம், அதில் 'எத்தனை நாள்' என்ற முறையீடு நான்கு முறை. 88-ஆம் திருப்பாடல் முழுவதும் முறையீடு. கடைசியில் ஒரு புகழ்ச்சி வரி வரும் என்று பார்த்தால் வராது, இருளில் முடிகிறது. அதையும் வேதத்தில் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் கோபத்தை அடக்கிவிட்டு ஜெபிக்காதீர்கள், அதையே சொல்லுங்கள். படகைப் பற்றிச் சொல்லுங்கள், கயிறு, பலகை, அடகுச் சீட்டு எல்லாம்.

நிறுத்தலாமா என்பதற்கு என் பதில்: நிறுத்த வேண்டாம், சுருக்கிக்கொள்ளுங்கள். ஓரியூரில் உயிர்விட்ட அருளானந்தரின் சேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் ஒரு புத்திமதி சொல்லியிருக்கிறார். மனம் வறண்டு இருண்டிருக்கும் நேரத்தில், முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்று. வறட்சியில் மனம் தரும் யோசனையை நம்ப முடியாது என்பதால் அப்படிச் சொன்னார். என் அப்பா இறந்த வருடம் நான் இரவு ஜெபத்தை விட்டேன். மனம் வந்ததும் தொடங்கலாம் என்று நினைத்தேன். நாலு வருடம் வரவில்லை. அந்த நாலு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஐந்து பத்துமணியும் முடியாவிட்டால் ஒன்று போதும். ஏழரை மணியை மட்டும் விடாதீர்கள்.

சின்னப்பாலம் பாசிக்காரி:

தங்கச்சி, எனக்கு வேதமெல்லாம் இவ்வளவு தெரியாது. கடல்பாசி எடுக்கத் தீவுப்பக்கம் போகிறவள் நான். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கினால், மூச்சு இருக்கிற வரைக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பறிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்த வருடம் உட்கார்ந்து ஜெபிக்க நேரமே கிடைக்கவில்லை. முங்கும்போது 'இயேசுவே' என்பேன், மேலே வந்து மூச்சு விடும்போது 'பாரும்' என்பேன். அவ்வளவுதான் அந்த வருடம் என் ஜெபம். ஒரு நாளைக்கு எத்தனை முங்கு என்று நீயே பார்த்துக்கொள்.

இன்னொன்று. இரண்டு பாதியையும் தனியாக ஏன் சொல்கிறாய்? செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போவாய்தானே, அங்கே பின்பாதி மட்டும் சொல்லிவிட்டு வா. மற்ற நாளில் மகளை முன்பாதி சொல்லச் சொல். உன் அன்பியத்தில், அதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடும் ஜெபக் குழுவில், யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடு. கடன் விஷயத்தையும் மகளிர் குழுவில் வெளிப்படையாகப் பேசிவிடு. தவணையைத் தள்ளிக் கேட்பதில் வெட்கமில்லை. நான் கேட்டிருக்கிறேன், கொடுத்தார்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் எழுத முடியவில்லை. பாம்பன் ஐயா, உங்கள் பாட்டி கதையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இவ்வளவு நாளும் என் துக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நேற்று அவளை முன்பாதி சொல்லச் சொன்னேன். ஒரு பத்துமணி மட்டும். அவர் கொல்லத்திலிருந்து போன் செய்தார், கரைக்கு வந்திருந்தார். போனை நடுவில் வைத்துக்கொண்டோம். அவர் குரல் கொஞ்சம் தாமதமாக வந்ததால் மூன்று பேரும் மூன்று இடத்தில் நின்றோம். ஆனாலும் முடித்தோம். 'உமது திருவுளம்' வந்தபோது நான் நின்றுவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் சொன்னார்கள்.

பூசைக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான் என்பதை இதுவரை அவரிடம் பேசவே இல்லை. நேற்று கேட்டேன், என்மேல் கோபமா என்று. கயிறு பழசு, அதை மாற்றாதது என் தப்பு என்றார். அவரும் இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஆசிரியை, 88-ஆம் திருப்பாடலை வாசித்தேன். இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கப் போகிறேன். சின்னப்பாலம் அக்கா, செவ்வாய்க்கிழமை வருகிறேன், நீங்கள் எந்த நவநாளுக்கு வருவீர்கள், காலையா மாலையா?

சின்னப்பாலம் பாசிக்காரி:

மாலை. கடல் நாளாக இருந்தால் தலை ஈரத்தோடுதான் வருவேன், இடதுபக்க வாசல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மகளையும் கூட்டி வா.