கிருமிகள் மருந்துக்கு உண்மையிலேயே 'பழகி'விடுகின்றனவா?

மழைத்துளி:
பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்று கேட்ட கேள்வி இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இஷ்டத்துக்குச் சாப்பிட்டால் கிருமிகளுக்கு அது பழகிவிடும், அப்புறம் வேலை செய்யாது என்று சொன்னேன். "மருந்து பட்டதும் செத்துப்போகிற கிருமி எப்படிம்மா பழகும்?" என்றாள். பதில் வரவில்லை. பரிணாமம் என்று நான் படித்ததெல்லாம் இலைக்காக எட்டி எட்டிக் கழுத்து நீண்ட ஒட்டகச்சிவிங்கியோடு நின்றுவிட்டது. அங்கே என்னதான் நடக்கிறது? அது தெரிந்தால் நடைமுறையில் ஏதாவது மாறுமா?

கல்மரம்:
மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. தனி ஒரு கிருமி பழகுவதே இல்லை, மாறுவது கூட்டம்தான். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது மரபணுவை நகல் எடுக்கிறது, அதில் அங்கங்கே பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் பயன் இல்லை, சில கெடுதல், எப்போதாவது ஒன்று மட்டும் மருந்து போய் ஒட்டும் இடத்தின் வடிவத்தை மாற்றிவிடும். மருந்து வந்ததும் மற்றவை சாகும், அது பிழைக்கும், காலியான இடத்தை அதன் வாரிசுகள் நிரப்பும்.

சரி, மருந்துதான் அந்த மாற்றத்தை உண்டாக்கியது என்று ஏன் சொல்லக்கூடாது? 1952-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் இருவரும் இதற்கு ஓர் அழகான சோதனை செய்தார்கள். மருந்தில்லாத தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, அதன்மேல் வெல்வெட் துணியை ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த பல தட்டுகளில் முத்திரை குத்துவதுபோல் ஒற்றினார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடங்களில்தான் பாக்டீரியா பிழைத்தது. முதல் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்தவையும், மருந்தின் வாசனையே படாதவை, மருந்தைத் தாங்கின! அதாவது மாற்றம் முன்பே இருந்தது, மருந்து பொறுக்கி எடுத்தது, அவ்வளவுதான். இதைப் படித்த நாளில்தான் இயற்கைத் தேர்வு எனக்கு உண்மையாகவே புரிந்தது.

நெடுவழி:
நடைமுறையில் என்ன மாறும் என்றால், நான் உயிரோடு இருப்பதே அதனால்தான். எனக்குக் காசநோய் வந்தபோது முதல் 2 மாதம் 4 மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள், மொத்தம் 6 மாதச் சிகிச்சை. ஏன் இத்தனை என்று எரிச்சலாக இருந்தது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது பலருக்கு முதலில் குணம் தெரிந்து, பிறகு மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகி நோய் திரும்பியது. ஒரு மருந்தைத் தாங்கும் கிருமி 10 லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒருசேரத் தாங்குவது லட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்கும். மூன்று, நான்கு என்று போனால் கிருமிக்குத் தப்ப வழி அநேகமாக இல்லை. எச்ஐவிக்குக் கூட்டு மருந்து கொடுப்பதும் இதே கணக்குத்தான். பரிணாமத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சிகிச்சையை யாராலும் யோசித்திருக்க முடியாது.

வேர்ச்சொல்:
எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. 'பரிணாம வளர்ச்சி' என்று எழுதுகிறோமே, அந்த 'வளர்ச்சி'தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். உயிர்கள் மேலே மேலே ஏறிப்போவதாக ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. இருட்டுக் குகைகளில் வாழும் மீன்கள் பார்வையை இழந்தன, நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது, இவையும் பரிணாமம்தானே? 'பரிணாமம்' என்று மட்டும் சொன்னால் போதும். அப்புறம் அந்த ஒட்டகச்சிவிங்கி, எட்டி எட்டி நீண்ட கழுத்து பிள்ளைகளுக்கும் வரும் என்பது 1809-இல் லமார்க் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னது. கிருமி 'பழகுகிறது' என்பதும் அதே தவறுதான். கழுத்து சற்றே நீளமாகப் பிறந்தவை அதிகக் குட்டிகளை விட்டுச் சென்றன என்று தொடங்கினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

மழைத்துளி:
எல்லாவற்றையும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். வெல்வெட் துணிக்குக் கண் விரிந்தது. உடனே அடுத்த கேள்வி: மருந்தை நிறுத்திவிட்டால் கிருமிகள் பழையபடி ஆகிவிடுமா?

கல்மரம்:
சில சமயம் ஆகும். மருந்தைத் தாங்கும் மாற்றம் பல நேரங்களில் கிருமிக்கே சுமை, வளர்ச்சியை மெதுவாக்கும், மருந்து இல்லாதபோது சாதாரணக் கிருமிகள் அதை முந்திவிடும். ஆனால் அந்தச் சுமையைக் குறைக்கும் இன்னொரு பிழை விழுந்துவிட்டால் அது நிலைத்துவிடும். போதாததற்கு, பாக்டீரியாக்கள் தாங்கும் மரபணுவைப் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் கைமாற்றும், வேறு இனமாக இருந்தாலும். அதனால் மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் எடுக்காதீர்கள். சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு அந்த மாத்திரை வேலையே செய்யாது, நம் உடம்பில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களில் தாங்குபவற்றைப் பொறுக்கி எடுக்க மட்டும் செய்யும்.