ஜெனரேட்டரிலிருந்து கிளைவாரியாகக் கோப்புகள்: முதல் கோப்பைத் தவிர மற்றவை காலி

கேள்வி:
வணக்கம். ஓராண்டு விற்பனைப் பதிவுகள் ஏறத்தாழ 6 ஜிபி அளவில் ஒரே சிஎஸ்வி கோப்பில் உள்ளன. அவற்றைக் கிளைக் குறியீட்டின்படி தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்க வேண்டும். முழுவதையும் நினைவகத்தில் ஏற்ற முடியாது என்பதால், பைதானில் வரிவரியாகப் படித்து யீல்ட் செய்யும் (கேட்கும்போது ஒவ்வொன்றாகத் தரும்) ஒரு ஜெனரேட்டரை உருவாக்கி, ‘வரிகள்’ என்ற மாறியில் வைத்துள்ளேன். வெளி லூப் கிளைப் பட்டியலின்மீது ஓடுகிறது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கோப்பைத் திறந்து, உள் லூப்பில் ‘வரிகள்’ முழுவதையும் பார்த்து, அக்கிளைக்குரியவற்றை மட்டும் எழுதுகிறேன். முதல் கோப்பு சரியாக வருகிறது. மற்றவை எல்லாம் 0 பைட். பிழைச் செய்தியும் இல்லை. காரணம் என்ன?

மறுமொழி 1:
ஜெனரேட்டரை ஒருமுறைதான் ஓட்ட முடியும். முதல் கிளைக்கான உள் லூப்பே அதைக் கடைசி வரி வரை தீர்த்துவிடுகிறது. இரண்டாம் கிளைக்கு வரும்போது அது உடனே, இனித் தர எதுவுமில்லை என்று சொல்லும் ஸ்டாப்இட்டரேஷனை எழுப்புகிறது. ஃபார் லூப் அதை ‘முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டு ஓசையின்றி வெளியேறுவதால்தான் பிழைச் செய்தி வரவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் ஃபங்ஷனைப் புதிதாக அழைத்தால் விடை சரியாக வரும். ஆனால் எத்தனை கிளைகளோ அத்தனை முறை 6 ஜிபியைப் படிக்க நேரிடும். லூப்புகளை இடம் மாற்றுங்கள்: வரிகளின்மீது ஒரே லூப். கிளைக் குறியீட்டைச் சாவியாகவும் திறந்த கோப்பின் ரைட்டரை மதிப்பாகவும் கொண்ட ஒரு டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு, புதிய குறியீடு வரும்போது மட்டும் கோப்பைத் திறந்து தலைப்பு வரியை எழுதுங்கள்.

மறுமொழி 2:
பைதானின் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ‘குரூப்பை’ (groupby) என்ற ஃபங்ஷன் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்புகளைத்தான் ஒரு குழுவாக்கும்; எனவே தரவு கிளைவாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். தேதி வரிசையில் இருக்கும் கோப்பில் ஒரே கிளை பலமுறை தலைகாட்டும். ஒவ்வொரு முறையும் ‘டபிள்யூ’ முறையில் (புதிதாக எழுதும் முறை) திறந்தால் முன்பு எழுதியது அழிந்து, கடைசிக் குழு மட்டுமே மிஞ்சும்.

கேட்டவர்:
லூப்பை மாற்றியதும் சரியாகப் பிரிகிறது, நன்றி. ஆனால் கிளைகள் 1,400 உள்ளதால், பாதி வழியில் திறந்த கோப்புகள் மிகுதி என்னும் 24ஆம் எண் பிழையுடன் நின்றுவிடுகிறது.

மறுமொழி 1:
ஒரு செயல்முறை ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளுக்கு இயங்குதளம் வரம்பு விதிக்கிறது. லினக்ஸில் அது பெரும்பாலும் 1,024. யூலிமிட் கட்டளையால் உயர்த்தலாம் என்றாலும், வேறு கணினியில் நிரல் மீண்டும் நிற்கக்கூடும் என்பதால் அதை நான் விரும்புவதில்லை. கோப்புகளுக்குப் பதிலாக, கிளைக்கொரு லிஸ்ட்டில் வரிகளைச் சேருங்கள். ஒரு லிஸ்ட் 1,000 வரிகளை எட்டியதும் அக்கிளையின் கோப்பை ‘ஏ’ முறையில் திறந்து, எழுதி, மூடி, லிஸ்ட்டைக் காலி செய்யுங்கள். லூப் முடிந்தபின் லிஸ்ட்டுகளில் எஞ்சியவற்றையும் எழுத வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் அதுதான். ‘ஏ’ முறை பழைய உள்ளடக்கத்தின் பின்னால் ஒட்டும் என்பதால், நிரலை மறுபடி ஓட்டுவதற்கு முன் வெளியீட்டுக் கோப்புறையைக் காலி செய்துவிடுங்கள்.

மறுமொழி 2:
விண்டோஸில் ஓட்டுவதாக இருந்தால், ஓப்பன் ஃபங்ஷனில் நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரத்தைக் கொடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் ஒரு வெற்று வரி விழும்.