புதுப்பிப்பு: அக்காவின் தைராய்டு புற்றுநோயும் லுட்டீசியம் கேள்வியும்

போன பதிவில் கேட்டிருந்தது இதுதான்: அக்காவுக்கு ரத்தத்தில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்; ஏறினால் புற்றுநோய் இன்னும் இருக்கிறது என்ற சந்தேகம்) ஏறிக்கொண்டே போகிறது, அயோடின் ஸ்கேனிலோ ஒன்றும் தெரியவில்லை, லுட்டீசியம்-177 (கட்டியில் போய் ஒட்டி அங்கேயே கதிர்வீச்சு கொடுக்கும் மருந்து) சிகிச்சைக்குப் போகலாமா? சிலர் "உடனே போங்கள்" என்றீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. எஃப்டிஜி பெட் ஸ்கேனில் (கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை எந்த செல்கள் எடுக்கின்றன என்று காட்டும் படம்) கழுத்து நிணநீர்க் கணுக்களும் நுரையீரல் முடிச்சுகளும் பளிச்சென்று தெரிந்தன. அயோடினைக் கைவிட்ட செல்கள் பெரும்பாலும் குளுக்கோஸை அள்ளி விழுங்கும். அப்புறம் காலியம்-68 டோட்டாடேட் பெட். டோட்டாடேட் என்பது சில கட்டிச் செல்களின் மேலுள்ள ஏற்பியில் போய் ஒட்டும் மூலக்கூறு; அதில் காலியத்தை ஏற்றினால் படம், லுட்டீசியத்தை ஏற்றினால் சிகிச்சை. இந்த ஸ்கேனில் கழுத்துக் கணு ஒன்று மட்டும் நன்றாக ஒளிர்ந்தது. நுரையீரலில் இருந்தவை, ஒப்பிடும் அளவுகோலான கல்லீரலைவிட மங்கல். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காலியம் ஒட்டாத இடத்தில் லுட்டீசியமும் ஒட்டாது, இரண்டையும் சுமந்து போவது அதே டோட்டாடேட்தானே! கட்டிக்குப் பலன் இல்லாமல் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் கதிர்வீச்சு வாங்கியதுதான் மிச்சமாகும்.

பிஎஸ்எம்ஏ (புராஸ்டேட் புற்றுநோய் செல்களில் நிறைய இருக்கும் புரதம்; அதைக் குறிவைக்கும் லுட்டீசியம் மருந்தும் உண்டு) பற்றிக் கேட்டவர்களுக்கு: பெயரில் புராஸ்டேட் இருந்தாலும், கட்டிக்குள் முளைக்கும் புது ரத்தக் குழாய்களிலும் அது உண்டு. ஆனால் அதற்கும் முதலில் ஸ்கேன்தான்.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. பிராஃப், ராஸ் மாதிரி மரபணுக்களில் மாற்றம் இருந்தால், மாத்திரை கொடுத்து செல்களை மறுபடி அயோடின் எடுக்க வைக்கப் பார்க்கலாமாம்; எடுத்தால் கதிரியக்க அயோடின் சிகிச்சை கொடுக்கலாம். 2013-ல் வெளியான, செலுமெடினிப் என்ற அப்படிப்பட்ட மருந்தின் ஆய்வில் 20 பேரில் 12 பேருக்கு அயோடின் ஏற்பு கூடியது. சிகிச்சை கொடுக்கும் அளவை எட்டியவர்கள் 8 பேர். அதையும் அயோடின்-124 (படம் எடுக்கப் பயன்படும் கதிரியக்க அயோடின்) பெட்டில் அளந்துதான் முடிவு செய்தார்கள். அக்காவின் பழைய அறுவை சிகிச்சை பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசு) லேபுக்கு அனுப்பியாகிவிட்டது.