விடுதிக்கும் ஊருக்கும் தூக்கிப் போக ஒரு சின்ன கேபினெட்: பட்ஜெட் கேமிங் பிசிக்கு எது சரி?

நாஞ்சில்காரன்:

வணக்கம். சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன், ஊர் நாகர்கோவில். புதிதாக ஒரு கேமிங் பிசி கட்ட வேண்டும். மொத்தம் 65 ஆயிரம், அப்பா தருகிறார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனசில்லை. மானிட்டர் இதில் சேராது. விடுதியில் ஒன்று, வீட்டில் ஒன்று ஏற்கனவே இருக்கிறது.

மனசில் இருப்பது: ரைசன் 5 5600 ப்ராசசர், அதோடு வருகிற கூலர், 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு. 1080பி திரைத் தெளிவு போதும். வாலரண்ட், ஃபோர்சா, கொஞ்சம் பிளெண்டர் வேலை.

சிக்கல் கேபினெட்டில்தான், அதாவது பாகங்களையெல்லாம் உள்ளே பூட்டும் பெட்டியில். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிசியையும் கொண்டு போக வேண்டும். லீவில் விடுதியைப் பூட்டிவிடுவார்கள், அறையில் வைத்துவிட்டுப் போக முடியாது. ரயிலில், ஸ்லீப்பர் கோச்சில்தான் போவேன். எழும்பூர் வரை ஆட்டோ, அங்கே நாகர்கோவிலில் அண்ணன் பைக்கில் வருவான்.

பார்த்து வைத்தவை: கூலர் மாஸ்டர் என்ஆர்200, சில்வர்ஸ்டோன் எஸ்ஜி13, லியான் லி ஏ3. ரிச்சி தெருவில் விசாரித்தபோது, சின்னதாக வேண்டுமென்றால் மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன மதர்போர்டு தவிர வழியில்லை என்றார்கள். அது உண்மையா? லேப்டாப் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து கார்டை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் அதில் முடியாது.

பெங்களூர்_பல்லவன்:

கண்ணை மூடிக்கொண்டு என்ஆர்200 வாங்குங்கள் ப்ரோ. 2020இல் வந்தது, இன்றைக்கும் அந்த அளவில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மொத்தக் கொள்ளளவே 18.25 லிட்டர்தான். ஆனால் 330 மி.மீ. நீள கார்டு போகும், 155 மி.மீ. உயர கூலர் போகும், நாலு பக்கமும் பேனலைக் கழற்றலாம். கை வைத்து வேலை செய்ய இவ்வளவு வசதியான சின்ன கேபினெட் நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும்: சாதாரண என்ஆர்200 எடுங்கள், கண்ணாடி வைத்த பி மாடல் பயணத்துக்கு வேண்டாம்.

மாட்டுத்தாவணி:

தம்பி, என்ஆர்200 நல்ல கேபினெட், அதில் மறுபேச்சே இல்லை. என் சித்தப்பா மகனுக்கு அதில்தான் பூட்டிக் கொடுத்தேன். உங்கள் 65 ஆயிரத்துக்கு அது ஒத்துவருமா என்பதுதான் விஷயம். கேபினெட்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அது உங்களை வேறு எதையெல்லாம் வாங்க வைக்கும் என்று பாருங்கள்.

முதலில் மதர்போர்டு, பாகங்களெல்லாம் மாட்டுகிற பலகை. மினி ஐடிஎக்ஸ் என்றால் 170க்கு 170 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. சின்ன போர்டுதானே, விலையும் குறைவாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். அதே சிப்செட்டுக்கு (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) ஐடிஎக்ஸ் போர்டு நன்றாகவே கூடுதல் விலை. ராம் ஸ்லாட்டும் இரண்டுதான். 5600 உட்காருகிற ஏஎம்4 சாக்கெட்டில் ஐடிஎக்ஸ் போர்டு தேடிக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. என்ஆர்200க்கு எஸ்எஃப்எக்ஸ் வகை வேண்டும்: 125 மி.மீ. அகலம், 63.5 உயரம், 100 நீளம். எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 அகலம், 86 உயரம். அதன் இடத்தில் உட்காராது. நல்ல எஸ்எஃப்எக்ஸ் ஒன்றின் விலைக்கு நல்ல 550 வாட் ஏடிஎக்ஸ் வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம்.

இந்த இரண்டு கூடுதல் செலவும் எங்கிருந்து வரும்? கார்டிலிருந்துதான் வரும், வேறு எதில் குறைப்பீர்கள்? 6600க்குப் பதில் 6500 எக்ஸ்டியில் வந்து நிற்பீர்கள். அது 4 ஜிபி கார்டு. இரண்டு வருஷம் ஓட்ட வேண்டிய மெஷினில் நான் அதைப் போட விடமாட்டேன்.

எஸ்ஜி13 விஷயத்தில் எனக்கு மனசு இரண்டாகத்தான் இருக்கிறது. 11.5 லிட்டர்தான், அதற்குள் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸே போகும். 140 மி.மீ. நீளத்தில் இருப்பதாக எடுங்கள், வயர்கள் கழற்றி மாட்டுகிற வகையாக இருந்தால் இன்னும் நல்லது. பயணத்துக்கு அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். போர்டு அடியில் படுத்த நிலையில் இருக்கும், கார்டு அதன் மேல் செங்குத்தாக நிற்கும். அதனால் கார்டு தொங்காது. ரயில் எவ்வளவு ஆடினாலும் கார்டு மாட்டியிருக்கும் ஸ்லாட்டைப் பக்கவாட்டில் இழுக்கிற பாரம் இல்லை.

ஆனால் எஸ்எம்பிஎஸ் நேராக ப்ராசசரின் தலைக்கு மேல் உட்காரும். கூலருக்கு 61 மி.மீ.தான் மிச்சம். 5600 கூட வருகிற ரெய்த் ஸ்டெல்த் 54 மி.மீ., அதனால் போகும். போனாலும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இறங்குகிற வயர் கொத்து முழுவதும் அந்தக் கூலருக்கும் முன் ஃபேனுக்கும் நடுவில்தான் அடைந்து கிடக்கும். சென்னை மே மாதம், ஏசி இல்லாத விடுதி அறை, 132 வாட் கார்டு, 65 வாட் ப்ராசசர். ஓடும், ஆனால் சத்தத்தோடு ஓடும். எஸ்ஜி13க்கும் ஐடிஎக்ஸ் போர்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

அதனால் நான் சொல்வது லியான் லி ஏ3. சின்ன கேபினெட்டுகள் வடிவமைக்கும் டான் கேசஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2024இல் கொண்டுவந்தது. 26.3 லிட்டர் என்றதும் பெரிதாகத் தெரியும். லிட்டரை விடுங்கள், ஸ்கேலை எடுங்கள். என்ஆர்200: நீளம் 376, அகலம் 185, உயரம் 292 மி.மீ. ஏ3: நீளம் 443, அகலம் 194, உயரம் 306.5. அகலத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, உயரத்தில் ஒன்றரை. கூடுதல் எல்லாம் நீளத்தில் ஆறேழு சென்டிமீட்டர்தான். அந்த ஆறேழு சென்டிமீட்டருக்குப் பதிலாக மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, சாதாரண எஸ்எம்பிஎஸ், 165 மி.மீ. கூலர் வரைக்கும் இடம் கிடைக்கிறது. உங்கள் பணம் கார்டிலேயே நிற்கும். சின்னதாக வேண்டுமென்றால் ஐடிஎக்ஸ் மட்டும்தான் என்று கடையில் சொன்னது பழைய கணக்கு.

ரயிலுக்கும் கவலை இல்லை. பெட்டியில் கூடவே கொண்டு போகும் சாமானுக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவு 100 x 60 x 25 செ.மீ., ஸ்லீப்பரில் இலவச எடை 40 கிலோ. இரண்டுக்கும் வெகு கீழேதான் நீங்கள் இருப்பீர்கள். பெர்த்துக்கு அடியில் தள்ளும்போது நிமிர்த்தி வைக்காதீர்கள். போர்டு பூட்டியிருக்கும் பக்கம் கீழே வருமாறு படுக்க வையுங்கள். அப்போது கார்டு எஸ்ஜி13இல் போலவே செங்குத்தாக நிற்கும்.

கரண்ட்_கணேசபுரம்:

கேபினெட் பற்றி மேலே சொன்னதே போதும். நான் வயரிங் வேலை செய்பவன், அதனால் ஒரு விஷயம் சேர்க்கிறேன். இரண்டு ஊரில் இரண்டு வேறு பிளக் பாயின்ட்டில் மாட்டப் போகிறீர்கள். இரண்டிலும் எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கேபினெட் உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் இரும்பைத் தொடும்போது கையில் சுருசுருவென்று ஏறும். பிசி கெட்டுவிட்டது என்று பயந்துபோய் எத்தனையோ பேர் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்தால் எர்த் வயர் இல்லை. இரண்டு பின் அடாப்டர் போட்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். நூறு வருஷ வீடாக இருந்தாலும் எர்த் அடித்துத் தர ஒரு நாள் வேலைதான்.

பெங்களூர்_பல்லவன்:

மாட்டுத்தாவணி அண்ணன் சொல்கிற கணக்கு சரி. நான் அடிக்கடி விமானத்தில் போகிறவன், அதனால் என் தேவை வேறு. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான். என்ஆர்200 வெறும் கேபினெட்டே சுமார் 5 கிலோ, எனக்கே அது இடிக்கிறது. ரயிலில் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஏ3க்கே என் ஓட்டு.

நாஞ்சில்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். லிட்டரைப் பார்த்தே ஏ3-ஐ ஒதுக்கி வைத்திருந்தேன். அப்போ ஏ3, பி550எம் என்கிற மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 550 வாட் ஏடிஎக்ஸ். 6600 அப்படியே. இன்னும் மூன்று சந்தேகம்: ஒவ்வொரு தடவையும் கார்டைக் கழற்ற வேண்டுமா? அண்ணன் பைக்கில் எப்படி வைப்பது? ஏ3-இல் ஃபேன் வராது என்று படித்தேன், எத்தனை வாங்கலாம்?

மாட்டுத்தாவணி:

ரயில் வரைக்கும் கார்டு உள்ளேயே இருக்கலாம், அது ஒன்றும் பெரிய கார்டு இல்லை. கார்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் முறுக்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பைக்கில் போவதென்றால் கழற்றிவிடுங்கள். நம் ரோட்டில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் தூக்கிப்போட்டாலும் அந்த அதிர்ச்சி நேராக ஸ்லாட்டில்தான் இறங்கும். கழற்றும்போது ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் சின்னக் கொக்கியை விரலால் எட்ட முடியாது, மர ஸ்கேலின் முனையால் அழுத்துங்கள். கொக்கி விட்ட பிறகுதான் கார்டை இழுக்க வேண்டும். கார்டை அது வந்த பெட்டியிலேயே வைத்து முதுகுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேபினெட்டை பைக்கில் பின்னால் கட்டவே வேண்டாம். நீங்கள் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஒன்பது கிலோ வரும். மழைக்காலமென்றால் ஆட்டோ பிடித்துவிடுங்கள், அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

ரெய்த் ஸ்டெல்த் கூலர் நாலு ஸ்க்ரூவில் பேக்பிளேட்டோடு, அதாவது போர்டின் பின்பக்கத் தகட்டோடு, சேர்ந்து பூட்டுவது. பயணத்துக்கு அது நல்லது, கொக்கி மாட்டுகிற கூலர் போல நழுவாது. பூட்டும்போது மட்டும் கவனம்: போர்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றியதும் பின்னால் இருக்கிற பேக்பிளேட் கீழே விழும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கூலரை வையுங்கள். ஸ்க்ரூவைக் குறுக்காக, ஒன்றில் இரண்டு சுற்று, எதிர் மூலையில் இரண்டு சுற்று என்று ஏற்றுங்கள்.

ஃபேன் இரண்டு போதும், 120 மி.மீ. ஒன்று அடியில் வைத்து கார்டுக்குக் காற்றை உள்ளே தள்ளுங்கள், ஒன்று பின்னால் வெளியே. அடியில் இருக்கும் தூசி வலையை மாதம் ஒரு தடவை கழற்றித் தட்டுங்கள். போர்டு வாங்கும்போது அதன் பயாஸ் (போர்டைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) 5600-ஐ எடுக்குமா என்று கடையிலேயே ப்ராசசரைப் போட்டு ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள், பில் போடுவதற்கு முன்னால்.